பீங்கான் நகரத்து விழா



இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்டாஃபோர்ட்ஷயர் பிரதேசத்தில், ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்னும் நகரம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகத்தின் பெரும்பகுதிக்குத் தட்டும் கோப்பையும் செய்து அனுப்பிய அந்த நகரத்தில், 2009-ஆம் ஆண்டு தொடங்கி, ஈராண்டுக்கு ஒரு முறை, இலையுதிர் காலத்தில், 'பிரிட்டிஷ் செராமிக்ஸ் பைனியல்' என்ற பெயரால் ஒரு மட்கலை விழா நடந்துவருகிறது. இக்காலத்துக் கலைஞர்கள் களிமண்ணிலும் பீங்கானிலும் படைத்த பொருள்களைப் பழைய தொழிற்சாலைக் கூடங்களிலும் கோயில்களிலும் காட்சிக்கு வைத்து, ஊராரையும் பிள்ளைகளையும் அழைத்து, மண்ணைக் கையில் கொடுத்து, வாரக்கணக்கில் நடத்துகிற விழா அது. அவ்விழாவைப் பற்றியும், அது எழுப்புகிற ஒரு கேள்வியைப் பற்றியும் உங்கள் முன் பேச வந்திருக்கிறேன்.

ஒரு தொழில் ஓங்கி வளர்ந்து, அதனால் ஊரார் வயிறும் மனமும் நிறைந்திருக்கும் காலத்தில் எடுக்கிற விழாவுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்து, தொழிற்சாலைக் கதவுகள் பூட்டப்பட்டு, முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்து கைதேர்ந்தவர்கள் வேலையற்று வீட்டில் உட்கார்ந்துவிட்ட பிறகு, அந்தத் தொழிலின் பெயராலேயே ஒரு விழா எடுக்கப்படுமானால், அவ்விழா யாருக்காக, எதற்காக என்ற கேள்வி தானாகவே எழும். ஸ்டோக் நகரத்து விழா அந்தக் கேள்விக்கு அஞ்சி ஒதுங்காமல், பல சமயங்களில் அதையே தன் கலைக்குப் பொருளாக்கிக் கொண்டது. அதனால்தான் அதைச் சிந்தனைக்கு உரிய விழாவாக நான் மதிக்கிறேன்.

முதலில் ஊரை அறிந்துகொள்வோம். ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்பது ஒரே ஊராகப் பிறந்ததன்று. டன்ஸ்டல், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்ற ஆறு ஊர்கள் 1910-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1925-இல் அதற்கு மாநகர அந்தஸ்து கிடைத்தது. நாவலாசிரியர் ஆர்னால்டு பென்னட் தம் கதைகளில் இவ்வூர்களை ஐந்து ஊர்களாகவே எழுதி ஃபென்டனை விட்டுவிட்டார் என்ற குறை இன்றும் அவ்வூராருக்கு உண்டு. இந்த ஆறு ஊர்களையும் சேர்த்து உலகம் வழங்கும் பெயர் 'பாட்டரீஸ்' என்பதே. தொழிலின் பெயரே ஊரின் பெயராகிவிட்ட பாக்கியம் எல்லா நகரங்களுக்கும் வாய்ப்பதில்லை. அந்தத் தொழில் சாயும்போது ஊரின் பெயரே பொருளற்றுப் போகும் அபாயமும் எல்லா நகரங்களுக்கும் நேர்வதில்லை.

அங்கே மண்பாண்டத் தொழில் வேரூன்றியதற்குக் காரணம் பூமிக்கு அடியில் இருந்தது. செம்மண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தன. பின்னாளில் வெண்ணிறக் கலங்களுக்கு மதிப்பு உண்டானபோது அதற்கு வேண்டிய வெண்களிமண் உள்ளூரில் இல்லை. அது தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலிலிருந்தும் டெவனிலிருந்தும் வரவேண்டியிருந்தது. ஆயினும் தொழில் இடம்பெயரவில்லை. ஒரு பங்கு மண்ணைச் சுடப் பல பங்கு நிலக்கரி வேண்டியிருந்த காலம் அது. ஆகவே கரியை மண் இருக்கும் இடத்துக்குச் சுமப்பதைக் காட்டிலும் மண்ணைக் கரி இருக்கும் இடத்துக்குச் சுமப்பதே லாபம் என்று கண்டார்கள். அந்தச் சுமையைத் தாங்க ஒரு கால்வாய் வேண்டியதாயிற்று. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி 1766-இல் தோண்டத் தொடங்கி 1777-இல் முடிக்கப்பட்ட டிரென்ட்-மெர்சி கால்வாய், வண்டிப் பாதையில் குலுங்கி உடைந்துகொண்டிருந்த கலங்களை அலுங்காமல் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்த்தது.

அக்கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டியவர் ஜோசையா வெட்ஜ்வுட். 1730-இல் பர்ஸ்லத்தில் குயவர் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் அம்மை நோயால் காலில் ஊனம் நேர்ந்து, பிற்பாடு 1768-இல் அந்தக் காலையே வெட்டி எடுக்கவேண்டி வந்தும் தளராத அந்த மனிதர், மண்பாண்டத் தொழிலைக் கைப்பழக்கத்திலிருந்து பரிசோதனைக்கு உயர்த்தியவர். 1769-இல் அவர் திறந்த எட்ரூரியா தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான மண் கலவைகளையும் மெருகுகளையும் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுக் குறித்துவைத்தார். சூளையின் உள்வெப்பத்தை அளக்கக் கருவியே இல்லாதிருந்த நாளில், களிமண் சுடச்சுடச் சுருங்கும் அளவைக் கொண்டு வெப்பத்தை மதிப்பிடும் முறையைக் கண்டு, 1783-இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். ரஷ்யப் பேரரசி காதரீனுக்காகத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கலங்களைச் செய்து அனுப்பிய அதே கைகள், 1787-இல், விலங்கிடப்பட்ட கறுப்பு அடிமை ஒருவன் மண்டியிட்டு நீதி கேட்கும் உருவம் பொறித்த சிறு பதக்கங்களைச் செய்து, அடிமை வியாபார எதிர்ப்பு இயக்கத்துக்கு இலவசமாக வழங்கின. மண்ணால் அலங்காரமும் செய்யலாம், அறமும் பேசலாம் என்பதற்கு அந்தப் பதக்கம் சாட்சி. இன்றைய விழாவில் மண்ணைக் கொண்டு சமூகத்தைப் பற்றிப் பேசும் கலைஞர்கள் புதிதாக ஒரு வழி வகுக்கவில்லை. ஊரின் பழைய வழியிலேயே நடக்கிறார்கள்.

வெட்ஜ்வுட்டுக்குச் சமகாலத்தவர் ஜோசையா ஸ்போட். செப்புத் தகட்டில் வெட்டிய சித்திரத்தைக் காகிதத்தில் ஒற்றி, காகிதத்திலிருந்து கலத்துக்கு மாற்றி, அதன்மேல் மெருகிட்டுச் சுடும் நீலச்சித்திர முறையை 1784-இல் செம்மைப்படுத்தியவர் அவரே. சுட்ட மாட்டெலும்புச் சாம்பலை ஏறக்குறைய பாதியும், கார்ன்வால் வெண்களிமண்ணையும் கல்லையும் மற்றப் பாதியுமாகக் கலந்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பீங்கானை அவர் தொடங்க, அவருடைய மகன் அதை நிறைவேற்றினார். 'போன் சைனா' என்று நம் வீடுகளிலும் பெயர் சொல்லி வாங்கும் கோப்பைகளின் பிறப்பிடம் அதுதான். 1816-இல் வெளிவந்த ஸ்போட் ஆலையின் 'புளூ இத்தாலியன்' சித்திரம் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இவை பெரியவர்களின் பெயர்கள். ஆனால் ஒரு தொழில் நிலைபெறுவது பெயர் தெரியாதவர்களின் கைகளில். ஆகையால் ஒரு வேலையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். பர்ஸ்லத்தில், கால்வாய்க் கரையில், 1888-இல் கட்டப்பட்ட மிடில்போர்ட் ஆலையில், நான் சொன்ன ஒற்றுச்சித்திர வேலை இன்னும் கையாலேயே நடந்துவருகிறது. சித்திரம் வெட்டிய செப்பு உருளையில் எண்ணெய் கலந்த நிறக்குழம்பைத் தடவி, சோப்பு நீரில் நனைந்த மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் அதைப் பதித்து எடுக்கிறார்கள். காகிதத்தைக் கத்தரியால் வேண்டிய வடிவில் வெட்டி, ஒரு முறை சுட்டு இன்னும் மெருகேறாத கலத்தின்மேல், நிறம் உள்பக்கமாக இருக்கும்படி வைக்கிறார்கள். வைத்தபின் நகர்த்த முடியாது; எண்ணெய் நிறம் அந்த நொடியிலேயே கலத்தைப் பற்றிக்கொள்ளும். தட்டையான தாளை உருண்ட கூஜாவின் மேல் மடிப்பில்லாமல் படியச் செய்யவேண்டும். பூங்கொடியின் ஒரு முனை மறுமுனையோடு சேருமிடம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. கைப்பிடி குறுக்கிடுமிடத்தில் இதழ் ஒன்றைக் கத்தரித்து வேறிடத்தில் சேர்த்து இடைவெளியை மறைக்கவேண்டும். பிறகு விறைத்த தூரிகையால் அழுத்தித் தேய்த்து, நீரில் கழுவினால் காகிதம் நீங்கும், சித்திரம் நிற்கும். ஒரு கூஜாவை முடிக்கச் சில நிமிஷங்கள்தாம். அந்தச் சில நிமிஷங்களைக் கற்கவோ ஆண்டுகள் வேண்டும். எந்த இடத்தில் விரலை அழுத்தவேண்டும், எந்த இடத்தில் விடவேண்டும் என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்க முடியாது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் மூத்த தொழிலாளியின் கையைப் பார்த்து, அவள் அதட்டலைக் கேட்டு, பல கலங்களைப் பாழாக்கிக் கற்றுக்கொள்ளவேண்டிய வித்தை அது.

மற்றொரு காட்சியையும் சொல்லவேண்டும். அது அழகான காட்சியன்று. வயிறு பருத்துக் கழுத்துக் குறுகிய புட்டியைப் போன்ற செங்கற்சூளைகள் ஒரு காலத்தில் அந்நகரில் சுமார் 2,000 இருந்தன. சுடவேண்டிய கலங்களைப் புகையும் சாம்பலும் படாதிருக்கும்பொருட்டு 'சாகர்' என்னும் தீமண் பெட்டிகளில் அடுக்குவார்கள். கலங்களோடு கூடிய அந்தப் பாரமான பெட்டியை, நம் ஊரில் சும்மாடு கட்டுவதைப் போல், பழைய காலுறைகளைச் சுருட்டித் தொப்பிக்குள் வைத்து, அதன்மேல் தலையில் சுமந்துகொண்டு ஏணியில் ஏறி, சூளைக்குள் உச்சிவரை அடுக்குவார்கள். வாயிலைச் செங்கல்லால் அடைத்து நெருப்பு மூட்டியபின் இரண்டு மூன்று நாள் சூளைக்காரர் கண்ணயரமாட்டார். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் ஏறும் வெப்பத்தை நெருப்பின் நிறத்தைக் கொண்டும், வெளியே இழுத்துப் பார்க்கும் சோதனைத் துண்டுகளைக் கொண்டும் அறிந்து நடத்துவார். அவர் ஒரு முறை தவறினால் ஆலையார் பலரின் உழைப்பு வீணாகும். அத்தகைய பொறுப்பை ஏற்றுத் தலைமுறை தலைமுறையாக நடத்தியவர்களின் அறிவை நாம் எளிதில் கல்வி என்று சொல்லத் துணிவதில்லை. ஆனால் அது கல்வியே.

அந்தக் கல்விக்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமன்று. எலும்புப் பீங்கான் சூளையில் வளைந்துபோகாமலிருக்க அதைச் சிக்கிமுக்கிக் கல்லின் தூளில் புதைத்துச் சுடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வெந்தபின் அந்தத் தூளைத் துடைத்தெடுத்த பெண்களின் நுரையீரலில் அது தங்கி, மூச்சை மெல்ல மெல்ல அடைத்தது. மெருகில் கலந்த ஈயம், அதில் கலத்தைத் தோய்த்தெடுத்தவர்களின் உடலில் நஞ்சாய் ஏறியது. 1841-இல் அரசாங்க விசாரணைக்காக அங்கே சென்ற சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அதிகாரி, கலம் படிந்த அச்சுகளை வனைபவரிடமிருந்து உலர்த்தும் அறைக்கும், அங்கிருந்து மறுபடி வனைபவரிடமும் நாள் முழுதும் சுமந்து ஓடிய சிறுவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். பின்னாளில் சட்டங்கள் வந்தன. சிக்கிமுக்கித் தூளுக்குப் பதில் அலுமினா வந்தது. ஈயமில்லாத மெருகு வந்தது. 1956-ஆம் ஆண்டுத் தூயகாற்றுச் சட்டம் புகைச்சூளைகளுக்கு முடிவு கட்டியது. அதன்பின் 1978-இல், வித்தை மறந்துபோகாமல் பதிவு செய்துவைக்கவேண்டும் என்பதற்காக லாங்டனில் ஒரு புட்டிச் சூளையைக் கடைசி முறையாக மூட்டினார்கள். இன்று எஞ்சி நிற்பவை 47. அவற்றைப் பார்த்து அழகு என்று வியக்கிறவர்கள், அவை கக்கிய புகையில் மூச்சுத் திணறியவர்களையும் சேர்த்தே நினைக்கவேண்டும். பழைய தொழிலின் பெருமையைப் பாடி அதன் துயரத்தை மறைக்கும் விழா உண்மையான விழாவாகாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ 70,000 பேருக்குச் சோறு போட்ட அந்தத் தொழில், அந்நூற்றாண்டு முடியும்போது வேகமாகச் சரிந்தது. மலிவாகச் செய்து அனுப்பும் கீழ்நாடுகளின் போட்டி, உற்பத்தியையே அந்நாடுகளுக்கு மாற்றிய முதலாளிகளின் முடிவு, விருந்துக்கென்று முழு வரிசைக் கலங்களை வாங்கிவைக்கும் பழக்கம் குடும்பங்களில் மறைந்தது ஆகிய பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. 1776 முதல் ஒரே இடத்தில் நடந்துவந்த ஸ்போட் ஆலை 2008 நவம்பரில் நொடித்து நின்றது. அடுத்த ஜனவரியில் வெட்ஜ்வுட் நிறுவனமும் கடன்காரர் கைக்குப் போயிற்று. இந்த இரண்டு இடிகளும் விழுந்த கையோடு, 2009-இல்தான் முதல் மட்கலை விழா கூடியது என்பதைக் கவனிக்கவேண்டும். 2011-இல், ஸ்போட் ஆலையின் வெறிச்சோடிய கூடங்களுக்குள்ளேயே விழா குடிபுகுந்தது. அச்சுகள் அலமாரிகளில் அப்படியே இருந்தன. சுவர்களில் தொழிலாளரின் குறிப்புகள் இருந்தன. வேலை மட்டும் இல்லை. அந்த இடத்தில் புதிய கலைப்பொருள்களைக் கொண்டுவந்து வைப்பது எளிய காரியமன்று. சாதாரணக் கண்காட்சிச் சாலையில் ஒரு கிண்ணம் அழகாயிருந்தால் போதும். இங்கே அந்தக் கிண்ணம், சுற்றிலும் நிற்கிற வெறுமைக்கு ஏதேனும் பதில் சொல்லியாகவேண்டும்.

விழாவின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைதேர்ந்த கலைஞர்களுக்கு 'அவார்டு' என்ற பரிசுக் கண்காட்சி ஒன்று உண்டு. அண்மையில் படிப்பை முடித்து வெளிவந்தவர்களுக்கு 'ஃப்ரெஷ்' என்ற பெயரில் மற்றொன்று உண்டு. பழைய ஆலைகளோடும் அருங்காட்சியகங்களோடும் சேர்ந்து கலைஞர்கள் செய்யும் புதிய படைப்புகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் தம் கையால் மண்ணைப் பிசையும் வகுப்புகள், விழா இல்லாத மாதங்களிலும் நடக்கின்றன. 2023-இல் ஹான்லியிலுள்ள ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தில் கூடிய விழா, நகரம் மாநகர அந்தஸ்துப் பெற்று நூறாண்டு நிறைந்த 2025-இல் மறுபடி ஸ்போட் வளாகத்துக்கே திரும்பியது.

இந்த விழாவில் உருவான படைப்புகளுள் என் மனத்தை மிகவும் ஈர்த்தவை நீல் பிரவுன்ஸ்வர்ட் என்பவருடையவை. அவர் அந்நகரத்துப் பிள்ளை. 1980-களில் வெட்ஜ்வுட் ஆலையில் உருவம் சமைக்கும் வேலைக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்து, பின்னர்க் கலைப்படிப்புக்குச் சென்றவர். 2009-இல் நடந்த முதல் விழாவிலேயே பரிசு பெற்றவர். 2015-இல் கொரியாவின் கியோங்கி சர்வதேச மட்கலை விழாவில் மகாபரிசும் பெற்றவர். இவ்வளவு பெயர் பெற்ற கலைஞர் தம் கையால் ஒரு பெரிய பொருளைச் செய்து மேடையில் வைத்திருக்கலாம். அவர் வேறொன்று செய்தார். வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்களை அழைத்து, பார்வையாளர் முன்னிலையில், அவர்கள் வாழ்நாளெல்லாம் செய்த வேலையைச் செய்யச் சொன்னார்.

அவர்களுள் ஒருவர் பீங்கானில் பூச்செய்யும் அம்மையார். எலும்புப் பீங்கானின் பச்சை மண் இழுத்தால் நீளாது, வளைத்தால் வெடிக்கும். சிறுவிரல் நுனியளவு மண்ணை உருட்டி உள்ளங்கையில் வைத்து, பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் ஓரம் காகிதம்போல் மெலிந்து நடுவில் சற்றே தடித்த ஓர் இதழ் பிறக்கிறது. அதைச் சுருட்டினால் ரோஜாவின் உள்மொட்டு. அதன்மேல் அடுத்த இதழ், அதற்கு அடுத்தது, வெளியே போகப்போக விளிம்பு வெளிப்புறமாக மடிகிறது. கண் மண்ணைப் பார்ப்பதுகூட இல்லை. பேசிக்கொண்டே கை தன் வேலையைச் செய்துவிடுகிறது. ஓர் ஆலையில் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி இத்தகைய பூக்களை எண்ணற்ற கணக்கில் செய்த கை அது. ஆனால் இங்கே, முடித்த பூவைச் சூளைக்கு அனுப்பாமல் அப்படியே கழித்துப் போட்டுவிட்டு அடுத்த பூவைத் தொடங்கவேண்டும் என்பது கலைஞரின் நிபந்தனை. பூக்கள் குவியலாகக் கிடந்து உலர்ந்து நொறுங்குகின்றன.

முதலில் இதைக் கேட்கும்போது நெஞ்சு பதைக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதன் நியாயம் விளங்கும். சுட்டெடுத்த பூ ஒன்று மேசையில் இருந்தால் நம் கண் பூவில் நின்றுவிடும். செய்த கையை மறந்துவிடுவோம். பூவை நீக்கிவிட்டதால் கை ஒன்றே மிஞ்சியது. கையைப் பார்க்காமல் வேறு வழியில்லை. வாழ்நாள் முழுதும் செய்த பொருளுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒருவர், அன்றுதான் பொருளுக்கு முன்னால் வந்து அமர்ந்தார். அத்தோடு, ஒரு சமூகம் இப்படிப்பட்ட திறமையைக் குப்பையில் கொட்டிவிட்டது என்ற குற்றச்சாட்டும் அந்தக் குவியலில் இருக்கிறது. ஒரு வார்த்தையும் பேசாமல் அதைச் சொல்லிவிட்டார்கள். பிரவுன்ஸ்வர்டின் மற்றொரு படைப்பில், பீங்கானில் சித்திரம் தீட்டிக் கைதேர்ந்த மூத்த ஓவியர் ஒருவர், வீசியெறியப்பட்ட தட்டுகளின் பின்புறத்தில், இடிந்து பாழ்பட்டுக் கிடக்கும் ஆலைகளையே பழைய இயற்கைக் காட்சிச் சித்திரத்தின் நயம் சிறிதும் குறையாமல் தீட்டினார். சீமான்களின் மாளிகைகளைத் தட்டின் முகத்தில் எழுதிய தூரிகை, தான் பிழைத்த இடத்தின் அழிவை அதன் முதுகில் எழுதிற்று.

இங்கேதான் நான் சொல்ல வந்த கருத்து இருக்கிறது. மட்பாண்ட மரபு என்று சொல்லும்போது நம் மனம் புட்டிச் சூளையையும் அருங்காட்சியகத்து ஜாடியையும் நினைக்கிறது. அவற்றைக் காப்பாற்றுவது நல்லதே. மிடில்போர்ட் ஆலை 2011-இல் ஓர் அறநிறுவனத்தின் கைக்கு வந்து, சீர்செய்யப்பட்டு, 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டது மெச்சத்தக்கதே. ஆனால் கட்டடத்தைச் செங்கல் செங்கல்லாகப் புதுப்பிக்கலாம். வித்தையை அப்படிப் புதுப்பிக்க முடியாது. அது உயிருள்ள மனிதரின் கைகளிலேயே இருக்கிறது. அவர்கள் ஒருவருக்குக் கற்பிக்காமல் மறைந்தால் அதுவும் அன்றோடு மறையும். ஆகவே இத்தகைய நகரத்தில் எடுக்கும் விழாவின் தகுதியை, எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்பதைக் கொண்டு அளப்பது தகாது. எத்தனை பழைய கைகள் எத்தனை புதிய கைகளைச் சந்திக்க அது வழி செய்தது என்பதைக் கொண்டே அளக்கவேண்டும்.

இந்தச் சந்திப்பு நெடுங்காலமாகத் தடைப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1920-இல் பெர்னார்டு லீச் என்பவர், ஜப்பானில் வித்தை கற்றுத் திரும்பி, கார்ன்வாலின் கடற்கரையூரான செயின்ட் ஐவ்ஸில் தம் சிறு பட்டறையை நிறுவினார். ஒரே மனிதன் மண்ணெடுப்பது முதல் சுட்டெடுப்பது வரை யாவற்றையும் தானே செய்வதில்தான் கலத்துக்கு ஜீவன் உண்டாகிறது என்பது அவர் கொள்கை. உயர்ந்த கொள்கைதான், அதனால் அழகிய கலங்களும் பிறந்தன. ஆனால் அதன் நிழலில் ஒரு ஏற்றத்தாழ்வு வளர்ந்தது. தனிப் பட்டறைக்காரர் கலைஞர், ஆலையில் வேலை செய்பவர் வெறும் கூலி என்ற எண்ணம் அறிவாளிகளிடையே படிந்தது. ஸ்டோக் நகரத்திலேயே, பர்ஸ்லம் கலைப்பள்ளியில் கார்டன் ஃபோர்சைத் என்ற ஆசிரியரின் காலத்தில் ஆலையும் கலையும் பிரியாமல் இருந்தன என்பதை மறந்துவிட்டார்கள். அப்பள்ளியில் பயின்ற சூசி கூப்பரும், ஆலையில் பயிற்சிப் பெண்ணாகத் தொடங்கி மாலை வகுப்புகளில் படித்து 1927-இல் 'பிஸார்' என்ற தம் நிறம் கொழிக்கும் கலங்களை வெளியிட்ட கிளாரிஸ் கிளிஃபும், கலையா தொழிலா என்ற கேள்விக்கே இடம் வைக்கவில்லை. கிளிஃபின் சித்திரங்களைத் தீட்டியது ஒரு பெண்கள் கூட்டமே. ஒருவர் எண்ணி, ஒருவர் வார்த்து, ஒருவர் தீட்டி, ஒருவர் சுட்ட கலத்திலும் ஜீவன் உண்டு. அந்த ஜீவன் பலருடையது. ஸ்டோக் விழா, கல்லூரியில் படித்த கலைஞரையும் ஆலையில் தேய்ந்த தொழிலாளியையும் ஒரே மேசைக்கு அழைத்து, இந்தப் பழைய பிளவை ஆற்ற முயன்றிருக்கிறது. அதன் மிகப் பெரிய தொண்டு இதுவே என்பது என் துணிபு.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ளவேண்டும். விழாவால் வேலை பிறக்குமா என்று ஓர் ஆலைத் தொழிலாளி கேட்டால் என்ன சொல்வது? 2019-இல் டன்ஸ்டலின் டட்சன் ஆலை, இருநூறாண்டு கடந்த ஸ்தாபனம், மூடப்பட்டது. 2024-இல் உலகக் கைவினைக் கழகம் ஸ்டோக் நகருக்கு 'உலகக் கைவினை நகரம்' என்ற கௌரவத்தை அளித்தது. அதே ஆண்டில் ஜான்சன் ஓட்டுத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் பர்ஸ்லத்தின் ராயல் ஸ்டாஃபோர்டு மூடியது. ஏப்ரலில் மூர்கிராஃப்ட் மூடியது. எரிவாயு விலை ஏறியதைச் சூளை வைத்துப் பிழைக்கும் தொழிலால் தாங்க முடியவில்லை. கௌரவப் பட்டமும் பூட்டும் ஒரே வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொங்கின. இந்த நிலையில், பாழ்பட்ட ஆலையில் கலைப்பொருள்களை அழகாக அடுக்குவது, அந்தப் பாழை ரசிக்கக் கற்பிப்பதாகாதா?

ஆகக்கூடும். விழா அழிவின் அழகை மட்டும் காட்டி நின்றுவிட்டால் நிச்சயமாக அப்படியே ஆகும். எந்த விழாவும் எரிவாயுவின் விலையைக் குறைக்காது. மூடிய ஆலையைத் திறக்காது. அந்தக் கடமை அரசாங்கத்துக்கும் தொழிலதிபர்களுக்கும் உரியது, அதைக் கலைஞர் தலையில் சுமத்துவது நியாயமன்று. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். மூடிய மூர்கிராஃப்ட் ஆலையை, அதை நிறுவிய வில்லியம் மூர்கிராஃப்டின் பேரர் அதே ஆண்டில் வாங்கித் திரும்பத் திறந்தார். குழாய்முனையிலிருந்து வழியும் குழைமண்ணால் கோடிழுத்து, அந்தக் கோடுகளுக்கு நடுவே நிறமிடும் அவ்வாலையின் வித்தை அறிந்தவர்கள் ஊரில் இருந்ததனால்தான் அப்படித் திறக்க முடிந்தது. பணம் எந்த ஊரிலிருந்தும் வரலாம். கை அந்த ஊரில் இருந்தாகவேண்டும். நாளை ஒரு நல்ல காலம் வந்து, ஒருவர் துணிந்து சூளை மூட்ட முன்வரும்போது, வேலை தெரிந்தவர் எங்கே என்று தேடி ஏமாறாதிருக்க, இடைக்காலத்தில் வித்தையைப் பிறர் கைகளில் ஒப்படைத்து வைப்பது அவசியம். அந்த இடைக்காலத்துக் காவலைத்தான் ஒரு விழா செய்ய முடியும்; செய்யவும் வேண்டும்.

அவ்வாறு செய்வதற்கு வியப்பும் கைதட்டலும் போதா. முதிய தொழிலாளியைக் காட்சிப் பொருளாக உட்காரவைப்பதோடு நில்லாமல், அவருக்கு ஆசிரியர் என்ற ஸ்தானத்தையும் ஆசிரியருக்குரிய சம்பளத்தையும் கொடுக்கவேண்டும். கற்கவரும் இளைஞருக்குக் கற்கும் ஆண்டுகளில் வயிறு காயாமலிருக்க உதவித்தொகை வேண்டும். கலைஞருக்கு அளிக்கும் பரிசைப் போலவே, தன் வித்தையை மூவருக்கு முழுமையாகக் கற்பித்த தொழிலாளிக்கும் ஒரு பரிசு வேண்டும். கண்காட்சிச் சீட்டில் கலைஞர் பெயருக்குக் கீழே, அச்சு செய்தவர், வார்த்தவர், தீட்டியவர், சுட்டவர் என்று ஒவ்வொரு பெயரும் அச்சாகவேண்டும். இவற்றுள் எதுவும் அசாத்தியமான காரியமன்று. மனமும் முறையான முயற்சியும் இருந்தால் போதும்.

ஸ்டோக் நகரத்தார் தங்கள் நஷ்டத்தை மறைக்காமல் அதன் நடுவிலேயே விழா எடுத்து, மண்ணை மீண்டும் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். பாராட்டுவதோடு, எந்தத் தேசத்தில் எந்தப் பழைய தொழிலின் பெயரால் விழா எடுக்கப்பட்டாலும், அங்கே சென்று நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றையும் உங்கள் முன் வைக்கிறேன்: இந்த வித்தை அறிந்த மூத்தவர் யார், அவரிடம் கற்றுக்கொண்டிருக்கும் இளையவர் யார்? இரண்டு பெயர்களையும் சொல்ல முடிந்த விழா அந்தத் தொழிலுக்கு உரிய விழா. சொல்ல முடியாத விழாவை நடத்துகிறவர்கள், அடுத்த விழாவுக்கு முன் அந்த இரண்டாவது பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.